குறை நிறை கூறலும் கேட்டலும்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பழமொழி. ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைப் பத்து முறை படித்தும் கண்ணில் படாத பிழை, வேறொருவர் அதனை ஒரு முறை படிக்கும்போதே புலனாகிவிடுகிறது. இதற்குக் காரணம் எழுதியவரின் அறிவுக் குறைவன்று. அவர் தாம் எழுத எண்ணியதையும் மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறார். ஆதலின், ஏட்டில் விடுபட்டதை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. படிப்பவருக்கோ ஏட்டில் உள்ளது மட்டுமே துணை.

இக்காரணம் பற்றியே ஒரு வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் மற்றவரது வேலையைப் பார்த்துக் கருத்துக் கூறுவதும், ஒரு தொழிற்கூடத்தில் உழைப்போர் ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துத் திருத்தம் கூறுவதும் உலகெங்கும் முறையாகக் கையாளப்பட்டு வருகின்றன. இவ்வாறு சம நிலையில் உள்ளோர் கூறுவதை இக்கட்டுரையில் ‘கருத்துரை’ என்றே குறிப்போம். பார்வைக்கு இது மிக எளிய செயல். ஆயினும், இதனை நன்முறையில் செய்வதற்குப் பயிற்சி வேண்டும் என்பதும், தவறான முறையில் செய்தால் நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும் என்பதும் ஆராய்ச்சியாளர் கண்ட முடிபுகளாகும்.

எழும்பூரில் ஒரு பரிசோதனை

மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கல்வி புகட்டும் முறை ஒன்று நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற வரலாறு ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஸ்காட்லாந்து தேசத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை அவர் ஒருநாள் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. ஆகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே இளம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் அப்பணியைச் செவ்வனே நிறைவேற்றவே, பள்ளி முழுவதும் அம்முறை பரவியது. பெல் தாயகம் திரும்பி 1797இல் இதனை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

ஆயினும், அம்முறையில் கற்றறிந்த மாணவன் கற்பிப்பவனாகவும், அறியாதவன் கேட்பவனாகவும் இருந்தனர். சரியான விடை எது என்பது முன்னரே முடிவானது. இக்காலத்தில் கருத்துரை எனப்படுவது இதனின் வேறானது. இங்கே இருவரும் ஒரே படியில் நிற்பவர்கள், இருவருமே கற்றுக்கொண்டிருப்பவர்கள். ஒருவரது வேலையைக் கண்ணாடிபோல் அவருக்கே காட்டுவதுதான் மற்றவரின் கடமை.

கருத்துரையால் தீங்கும் விளையலாம்

செய்த வேலையைப் பற்றி ஒருவருக்கு எதையேனும் எடுத்துச் சொன்னால் அவர் அடுத்த முறை திறம்படச் செய்வார் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இந்நம்பிக்கையை 1996இல் குளூகர், டெநிசி என்னும் இரு உளவியல் அறிஞர் சீர்தூக்கிப் பார்த்தனர். அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டி ஒருங்கே ஆராய்ந்தனர். சராசரியாக நோக்குமிடத்து, கருத்துரை நன்மையே செய்தது. ஆயினும், அம்முடிவுகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில், கருத்துரை பெற்றபின் செயல்திறன் குறைந்திருந்தது.

இதன் காரணத்தையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஒருவருடைய கவனம் செய்ய வேண்டிய வேலையில் நிற்கும்படி கருத்துரை அமைந்தால் பயன் விளைகிறது. ‘நான் கெட்டிக்காரனா, மந்தனா, பிறர் என்னை எவ்வாறு மதிக்கின்றனர்’ என்று அவரது கவனம் தம்மீதே திரும்பினால் பயன் குறைகிறது. இகழ்ச்சிக்கு மட்டுமின்றிப் புகழ்ச்சிக்கும் இது பொருந்தும் என்பது கருதத்தக்கது. ‘நீ மிகவும் கெட்டிக்காரன்’ என்னும் சொல் காதுக்கு இனிது. ஆனால், அடுத்த கட்டுரையை எவ்வாறு எழுதுவது என்பதை அது கற்பிப்பதில்லை.

1988இல் ரூத் பட்லர் என்னும் அறிஞர் இஸ்ரேல் நாட்டில் 5, 6ஆம் வகுப்பு மாணவரிடம் நடத்திய பரிசோதனையும் இதற்குச் சான்று. ஒரு பிரிவினருக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய குறிப்புரை மட்டும் எழுதித் தரப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும் தரப்பட்டது. மூன்றாம் பிரிவினர் குறிப்புரை, மதிப்பெண் ஆகிய இரண்டையும் பெற்றனர். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே ஆர்வம் குன்றாமல் முன்னேறினர். இரண்டையும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. எண்ணைக் கண்டவுடன் பிள்ளையின் மனம் எண்ணிலேயே நின்றுவிடுகிறது; அருகில் எழுதியிருக்கும் அறிவுரை வீணாகிறது.

ஊசல் காட்டும் உண்மை

நல்ல கருத்துரை எத்தன்மையது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணிக்கிறான் என்று கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஒருமுறை சென்று திரும்பும் காலத்தை நிறுத்து கடிகாரத்தால் அளக்கிறான். 1.8 விநாடி என்று குறித்துக்கொள்கிறான். கணக்கிட்டால் முடுக்கம் 12.2 என்று வருகிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதோ 9.8. மனம் சோர்ந்து, அறிக்கையை அடுத்த பலகையில் இருக்கும் மாணவனிடம் காட்டுகிறான்.

‘விடை தவறு’ என்று அவன் சொன்னால், அது முன்னரே தெரிந்த செய்தி. ‘உனக்குக் கவனம் போதாது’ என்று சொன்னால், அது பரிசோதனையைப் பற்றிய சொல் அன்று. ஆளைப் பற்றிய சொல். ‘பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொன்னால், அது நட்பைக் காக்கும். பிழையையும் சேர்த்துக் காக்கும்.

மாறாக, அவன் பின்வருமாறு சொல்வதாகக் கொள்வோம்: ‘நீ ஓர் அலைவுக்கு மட்டுமே நேரம் பார்த்திருக்கிறாய். கடிகாரத்தை அழுத்துவதில் கை 0.2 விநாடி முந்தினாலும் பிந்தினாலும், 2 விநாடியில் அது பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்து 20ஆல் வகுத்துப் பார். மேலும், நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளந்தாயா, கொக்கி வரை அளந்தாயா என்பது அறிக்கையில் இல்லை.’

இக்கருத்துரையில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கே பிழை நேர்ந்திருக்கக்கூடும், ஏன் நேர்ந்திருக்கும், அடுத்துச் செய்ய வேண்டியது யாது என்பவை மட்டுமே உள்ளன. 20 அலைவுகளுக்கு அதே 0.2 விநாடி கைப்பிழை நேர்ந்தால், 40 விநாடியில் அது இருநூறில் ஒரு பங்கே ஆகும். மாணவன் மீண்டும் தன் ஊசலை ஆட்டத் தொடங்குகிறான். கருத்துரை பயன்பட்டதற்கு இதுவே அடையாளம்.

2007இல் ஹாட்டி, டிம்பர்லி ஆகிய இரு கல்வி அறிஞர் இதனை மூன்று கேள்விகளாக வகுத்துக் கூறினர். அடைய வேண்டிய இலக்கு யாது? இப்போது நிற்கும் இடம் யாது? அடுத்து வைக்க வேண்டிய அடி யாது? இம்மூன்றுக்கும் விடை தருவதே முழுமையான கருத்துரை. நடைமுறையில் பெரிதும் விடுபட்டுப்போவது மூன்றாவது கேள்வியே.

கூறுபவருக்கே பெரும் பயன்

ஊசல் உதாரணத்தில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. கருத்துரை கூறிய மாணவன் தன் பலகைக்குத் திரும்பியதும், தன் அறிக்கையில் நூலின் நீளத்தை எதுவரை அளந்தான் என்று எழுதியிருக்கிறானா எனப் புரட்டிப் பார்ப்பான். பிறர் வேலையில் ஒரு குறையைத் தேடிக் கண்ட கண், அதே குறையைத் தன் வேலையிலும் காணப் பழகிவிடுகிறது.

லண்ட்ஸ்ட்ரம், பேக்கர் என்னும் இருவர் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை உறுதிசெய்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயின்ற 91 மாணவரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைகளைப் படித்துக் கருத்துரை கூறுவதை மட்டுமே பழகினர். மற்றப் பிரிவினர் பெற்ற கருத்துரையைக் கொண்டு கட்டுரையைத் திருத்துவதை மட்டுமே பழகினர். பருவ இறுதியில் சோதித்தபோது, கருத்துரை கூறப் பழகியவர்களே தம் சொந்தக் கட்டுரைகளில் கூடுதலான முன்னேற்றம் கண்டிருந்தனர். தொடக்க நிலை மாணவரிடம் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தென்பட்டது. ‘எனக்கே சரியாக வராதபோது பிறருக்கு நான் என்ன சொல்வது’ என்று பின்தங்கிய மாணவர் ஒதுங்கி நிற்பதற்கு இனிக் காரணம் இல்லை. அவர்களுக்கே இப்பயிற்சி பெரிதும் தேவை.

மாணவர் மதிப்பீடு நம்பத்தக்கதா?

மாணவர் தம் நண்பருக்குச் சலுகை காட்டமாட்டார்களா, அவர்களது தீர்ப்பை நம்பலாமா என்னும் ஐயம் ஆசிரியர்களுக்கு எழுவது இயல்பு. 2000ஆம் ஆண்டில் ஃபால்சிகோவ், கோல்ட்ஃபிஞ்ச் என்னும் இருவர் உயர்கல்வியில் நடைபெற்ற 48 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினர். மாணவர் அளித்த மதிப்பீடு ஆசிரியர் மதிப்பீட்டோடு பெரும்பாலும் ஒத்திருந்தது. எவற்றைக் கொண்டு மதிப்பிடுவது என்பதை மாணவர் நன்கு உணர்ந்திருந்த இடங்களில் ஒற்றுமை மிகுந்து காணப்பட்டது. ஆகவே, மாணவரிடம் ஏடுகளை மாற்றிக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிவிடுதல் போதாது. நல்ல அறிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஓரிரு மாதிரிகளைக் காட்டி, எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை முதலில் வகுப்பிலேயே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இம்முறைக்கு இடம் வகுக்கப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவரின் முன்னேற்ற அட்டையில் ஆசிரியர் மதிப்பீட்டோடு, மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுவதும், சகமாணவர் மதிப்பிடுவதும் இடம்பெற வேண்டும் என்று கூறுகிறது. அட்டையில் ஒரு கட்டத்தை நிரப்புவதோடு இது நின்றுவிட்டால், கொள்கையின் நோக்கம் நிறைவேறாது. அக்கட்டத்தில் எழுதும் சொல், அடுத்த வாரம் அப்பிள்ளை எதனை மாற்றிச் செய்யலாம் என்பதைக் காட்டுவதாக இருத்தல் வேண்டும்.

தொழிற்கூடத்தில்

பள்ளியில் கண்ட உண்மைகள் தொழிற்சாலைக்கும் காரியாலயத்துக்கும் பொருந்துவனவே. 1962இல் ஜப்பானில், இஷிகாவா என்னும் பொறியியல் பேராசிரியரின் முயற்சியால் ‘தர வட்டங்கள்’ தோன்றின. ஒரே இடத்தில் ஒரே வகையான வேலை செய்யும் தொழிலாளர் சிலர் தாமாக முன்வந்து குறித்த நாள்களில் கூடி, தம் வேலையில் நேரும் குறைகளையும் அவற்றின் காரணங்களையும் தாமே ஆராய்ந்து நீக்கும் முறை இது. இந்தியாவில் 1980இல் ஐதராபாத்திலுள்ள பாரத மிகுமின் நிறுவனத் தொழிற்சாலையில் இவ்வட்டங்கள் தொடங்கப்பட்டுப் பின்னர் பிற தொழிற்சாலைகளிலும் பரவின. மேலதிகாரி தேடிக் கண்டுபிடிக்கும் குறைக்கும், உடன் உழைப்போர் எடுத்துச் சொல்லும் குறைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். முன்னது விளக்கம் கேட்பதில் முடியும். பின்னது அன்றே வேலையில் திருத்தமாக முடியும்.

கணிப்பொறித் துறையில் இம்முறை மேலும் செம்மை பெற்றது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன், எழுதி முடித்த நிரல்களைச் சிறு குழு ஒன்று கூடிப் பரிசீலிக்கும் முறையை 1976இல் விவரித்தார். குழுவில் நால்வர் இருப்பது பொருத்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கூட்டத்தின் வேலை பிழைகளைக் கண்டு குறித்துக்கொள்வது மட்டுமே. அவர் வற்புறுத்திய விதி ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது. இவ்வாறு கண்ட பிழைகளின் எண்ணிக்கையை, நிரல் எழுதியவரின் பணித்திறனை மதிப்பிட எக்காரணத்தாலும் பயன்படுத்துதல் கூடாது. பிழை வெளிப்பட்டால் பதவி உயர்வு தடைப்படும் என்று அஞ்சுபவர் பிழையை மறைப்பார்; நண்பரின் உயர்வைக் கெடுக்க விரும்பாதவர் கண்ட பிழையைக் கூறமாட்டார். மதிப்பெண் கண்ட மாணவன் குறிப்புரையைப் படியாததும் இதுவும் ஒரே தன்மையன. திருத்துவதற்காகக் கூறுவது வேறு, தீர்ப்பளிப்பதற்காகக் கூறுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் முன்னது அழிந்துபோகும்.

கூறாமல் மறைத்து வைக்கும் கருத்தும் பயனற்றதே. நம் அரசாங்க அலுவலகங்களில் ஊழியர் பற்றிய ஆண்டுக் குறிப்புகள் நெடுங்காலம் அந்தரங்கமாகவே இருந்தன. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நல்லதாயினும் அல்லதாயினும் அக்குறிப்புகள் அனைத்தும் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று 2009இல் மத்திய அரசும் ஆணையிட்டது. மேலதிகாரி எழுதும் குறிப்பு சகாக்களின் கருத்துரை அன்று. எனினும், தன் குறையை அறியாதவர் அதனைத் திருத்திக்கொள்ள இயலாது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

மௌனத்தின் விலை

சொல்ல வேண்டியதைச் சொல்லத் தயங்குவதால் விளையும் கேடு, சில தொழில்களில் உயிர்ச்சேதமாகவே முடிகிறது. 1977 மார்ச் 27ஆம் நாள் தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். மேலெழும்ப ஓடத் தொடங்கிய விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் பாதையை விட்டு இன்னும் நீங்கவில்லையோ என்று ஐயுற்றுக் கேட்டார். நீங்கிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகக் கூறினார். அவர் அந்நிறுவனத்தில் மிகுந்த மதிப்புப் பெற்றவர். பிற விமானிகளுக்குப் பயிற்சி அளித்தவர். பொறியாளர் மீண்டும் வற்புறுத்தவில்லை. அடுத்த சில விநாடிகளில் விபத்து நேர்ந்தது.

இதுபோன்ற விபத்துகளை ஆராய்ந்தபின், 1979இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசா ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. விமானக் குழுவில் இளையவர் தம் ஐயத்தைத் தெளிவாக எடுத்துரைக்கவும், மூத்தவர் அதனைப் பொறுமையாகக் கேட்கவும் பயிற்சி அளிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்று உலகெங்கும் விமானிகள் இப்பயிற்சியைப் பெறுகின்றனர். யந்திரத்தை இயக்குவதுபோலவே, குறை கூறலும் கேட்டலும் பயின்று பெற வேண்டிய திறமை என்பதை அத்தொழில் ஒப்புக்கொண்டுவிட்டது.

மருத்துவமனைகளில் ஆராய்ச்சி செய்த ஏமி எட்மண்ட்சன் என்னும் பேராசிரியர் 1996இல் வியப்பான முடிவொன்றை வெளியிட்டார். நல்ல ஒற்றுமையோடு பணிபுரியும் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அப்பிரிவுகளிலேயே கூடுதலான பிழைகள் பதிவாகியிருந்தன. மேலும் ஆராய்ந்தபோது, அங்குள்ளோர் பிழையை மறைக்காமல் வெளிப்படையாகக் கூறினர் என்பது புலனாயிற்று. மற்றப் பிரிவுகளில் அச்சத்தால் பிழைகள் மறைக்கப்பட்டன. பிழைப் பதிவேடு வெறுமையாக இருப்பது வேலை செம்மையாக நடப்பதற்குச் சான்றாகாது.

நம் நாட்டில் வயதும் அனுபவமும் மிக்கோரிடம் குறை சொல்வது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதுண்டு. பட்டறையில் மூத்த தொழிலாளி கடைந்த உருளையில் விட்டம் சிறிது குறைந்திருப்பதை இளையவர் காணலாம். ‘தவறு செய்துவிட்டீர்கள்’ என்று கூற அவருக்கு நா எழாது. ஆனால், ‘அண்ணே, இங்கே அளவு கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது, ஒருமுறை சேர்ந்து அளந்து பார்ப்போமா?’ என்று கேட்பதில் மரியாதைக்குக் குறைவில்லை. தீர்ப்பை அளவுகோலிடம் விட்டுவிட்டால் இருவர் மானமும் காக்கப்படும். அவ்வாறு கேட்டவரை மூத்தவர் பிறர் முன்னிலையில் பாராட்டினால், அடுத்த முறை மற்றவர்களும் வாய் திறப்பர்.

கேட்கும் முறை

கருத்துரை கேட்பதும் ஒரு பயிற்சியே. பிறர் குறை கூறும்போது உடனே காரணம் சொல்லித் தற்காத்துக்கொள்ள மனம் விழையும். அதனை அடக்கி, கூறுவதை முழுவதும் கேட்டு எழுதிக்கொள்வது முதற்படி. விளங்காத இடத்தை ‘எந்த வரியில்?’, ‘எந்த அளவில்?’ என்று கேட்டுத் தெளிவது இரண்டாம் படி. கூறப்பட்டவற்றுள் ஏற்பவை எவை, விடுபவை எவை என்று தாமே தீர்மானிப்பது மூன்றாம் படி. வேலை அவருடையது, முடிவும் அவருடையதே. நான்காம் படி, திருத்திய வேலையைக் கருத்துரை கூறியவரிடம் மீண்டும் காட்டுவது. இந்நான்காம் படியைப் பலர் மறந்துவிடுகின்றனர். தம் சொல் என்ன ஆயிற்று என்று அறியாதவர் அடுத்த முறை அக்கறையோடு சொல்லமாட்டார்.

எவ்வளவு கூறுவது என்பதிலும் அளவு வேண்டும். ஒரே கட்டுரையில் இருபது பிழைகளைச் சுட்டினால், கேட்பவர் எதனையும் திருத்தார். மிக முக்கியமான இரண்டு அல்லது மூன்று குறைகள், காரணத்தோடு கூறும் ஒரு நிறை ஆகியவை ஒரு முறைக்குப் போதுமானவை. நிறையைக் கூறுவது முகமனுக்காக அன்று. நன்றாக வந்த பகுதியைத் திருத்தும்போது கெடுத்துவிடாமல் காப்பதற்காகும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இரண்டு மாணவர் தம் அறிக்கைகளை மாற்றிக்கொண்டு பத்து நிமிடம் படித்தல், அல்லது பணி முடியும் நேரத்தில் உடன் உழைப்போர் இருவர் அன்றைய வேலையை ஒருமுறை சேர்ந்து பார்த்தல் ஆகியவற்றால் இதனைத் தொடங்கலாம். அச்சொல்லைக் கேட்டவர் மறுநாள் தம் வேலையில் எதனையேனும் மாற்றிச் செய்தாரா என்று பார்ப்பதே இதற்குரிய சோதனை. மாற்றிச் செய்யவில்லையெனில், அவரைக் குறை கூறுமுன், கூறிய சொல்லில் அடுத்த அடி காட்டப்பட்டிருந்ததா என்று கூறியவர் தம்மையே வினவிக்கொள்ளுதல் நலம்.